அப்பத்தா தாலாட்டு 1.வேவ்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கி என் முன்னால் வைத்தார். உள்ளே 17 கேசட்டுகள். எண்பதுகளின் கடைசியில் வாங்கிய டேப் ரெக்கார்டரில் வீட்டு ஆட்களையும் தெரு ஆட்களையும் பாட வைத்து, பேச வைத்து அவர் பதிந்தவை. ஒவ்வொன்றின் முதுகிலும் நீல மையில் அவர் கையெழுத்து. ஒன்றில் அப்பத்தா தாலாட்டு. இன்னொன்றில் "ரேடியோ" மாமா பேச்சு. ரேடியோ என்பது மாமாவின் பட்டப்பெயர், அதனால் அதைச் சுற்றி மட்டும் இரட்டை மேற்கோள்குறி. அடியில் கிடந்த ஒன்றில் சித்தி கும்மி & குலவை, பொங்கல் '91.

"இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திரலாமாடா?"

"ஏத்திரலாம் சித்தப்பா. ஒரு தடவை ஓட்டினாப் போதும்."

"ஒரு தடவைதான் ஓடும்போல. நாடா உதிருது."

அவர் சொன்னது உண்மை. சோதித்துப் பார்த்த முதல் கேசட்டிலேயே ஹெட்டில் பழுப்புத் தூள் ஒட்டியது. டின்னைச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். கோப்புகளுக்குச் சித்தப்பா எழுதிய பெயரையே அப்படியே வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். அந்தப் பெயர்களும் பதிவின் பகுதிதான்.

வேலை இதுதான். பதிவு மென்பொருள் கேசட்டின் இரண்டு பக்கங்களையும் 1.வேவ், 2.வேவ் என்று சேமிக்கும். அதை இரைச்சல் நீக்கி 'அப்பத்தா தாலாட்டு 1.வேவ்' என்று இன்னொரு கோப்பாக எழுதுவேன். எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல் அதை, தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்றும். பிறகு இடைப்பட்ட கோப்பை அழித்துவிடலாம், மூலம் மட்டும் பத்திரமாக இருக்கும். பைத்தான் மொழியில் நாற்பது வரி எழுதினேன். வெளி நிரல்களை ஓஎஸ்.சிஸ்டம் வழியாகக் கூப்பிட்டேன். அதாவது கட்டளை முழுவதையும் ஒரே எழுத்துச் சரமாக ஒட்டி, கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லிடம் கொடுத்துவிடுவது. எஃப்எஃப்எம்பெக் வரியில் கோப்புப் பெயரைச் சுற்றி டபுள் கோட், அதாவது இரட்டை மேற்கோள்குறி, போட்டிருந்தேன். அழிக்கும் வரியில் போடவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டபோது, ஒவ்வொரு 'ஆராரோ'வின் வால் நுனியும் வெட்டுப்பட்டிருந்தது. மூச்சோடு சேர்ந்து இழுத்து அடங்கும் அந்தக் கடைசி 'ரோ'வை இரைச்சல் நீக்கி, இரைச்சல் என்று நினைத்துத் தின்றிருக்கிறது. சரி, மூலத்திலிருந்து மறுபடி செய்யலாம் என்று கோப்புறையைத் திறந்தேன். 1.வேவ் இல்லை. 2.வேவும் இல்லை. அழிந்திருக்க வேண்டிய இடைப்பட்ட கோப்புகள் இரண்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தன.

நான் ஷெல்லுக்கு அனுப்பிய வரி இது, ஆர்எம் என்பது கோப்பை அழிக்கும் கட்டளை:

ஆர்எம் -எஃப் அப்பத்தா தாலாட்டு 1.வேவ்

இதில் ஷெல் ஒரு கோப்பைப் பார்ப்பதில்லை, மூன்றைப் பார்க்கிறது. 'அப்பத்தா' என்று ஒரு கோப்பு, 'தாலாட்டு' என்று ஒன்று, '1.வேவ்' என்று ஒன்று. முதல் இரண்டும் கிடையாது. -எஃப் போட்டதால் அந்தப் புகாரும் வெளியே வரவில்லை. மூன்றாவது இருந்தது. அது என் மூலம்.

பள்ளிக்கூடத்துத் தமிழில் பொதுமொழி என்று ஒன்று படித்திருப்போம். 'எட்டு' என்றால் எண். எள் து என்று பிரித்தால் எள்ளை உண் என்று பொருள். 'வேங்கை' மரமாகவும் நிற்கும், வேகின்ற கையாகவும் பிரியும். எழுதினவன் எதை நினைத்தான் என்பது எழுத்தில் இல்லை; படிக்கிறவன்தான் பிரிக்கிறான். ஓஎஸ்.சிஸ்டத்துக்குக் கொடுக்கும் சரமும் அப்படித்தான். எங்கே பிரிக்க வேண்டும் என்பது என் மனதில் தெளிவாக இருந்தது. சரமாக ஒட்டிய நொடியில் அந்தத் தெளிவு தொலைந்துபோனது. ஷெல் அதற்குத் தெரிந்த விதிப்படி, இடைவெளி வந்த இடத்திலெல்லாம் வெட்டியது.

இது என் கோப்புறையோடு போகிற பிரச்சினை இல்லை. 2001 நவம்பரில் வந்த ஐடியூன்ஸ் 2.0, மேக் ஓஎஸ் எக்ஸில் நிறுவும்போது சிலருடைய டிஸ்க் பகுதிகளையே அழித்தது. நிறுவல் ஸ்கிரிப்டில் ஒரு மாறியைச் சுற்றிக் கோட் இல்லை; டிஸ்கின் பெயரில் இடைவெளி வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆப்பிள் அதைத் திரும்பப் பெற்று 2.0.1ஐ வெளியிட்டது. தன் டிஸ்குக்கு இரண்டு வார்த்தையில் பெயர் வைத்ததுதான் அவர்கள் செய்தது.

நான் முதலில் செய்தது, எல்லோரும் செய்வதுதான்: விட்டுப்போன இடத்தில் டபுள் கோட் போட்டேன். அடுத்த கேசட் ரேடியோ மாமாவுடையது. கட்டளை இப்படி ஆனது:

ஆர்எம் ""ரேடியோ" மாமா பேச்சு 1.வேவ்"

இதை ஷெல்லின் கண்ணால் இடமிருந்து வலமாகப் படித்துப் பாருங்கள். முதல் இரண்டு குறிகள் திறந்து உடனே மூடிக்கொள்கின்றன. உள்ளே ஒன்றும் இல்லை. 'ரேடியோ' கோட்டுக்கு வெளியே நிற்கிறது. அடுத்து வரும் குறி திறக்கிறது, ' மாமா பேச்சு 1.வேவ்' உள்ளே போகிறது, கடைசிக் குறி மூடுகிறது. நடுவில் எங்கும் கோட்டுக்கு வெளியே இடைவெளி வரவில்லை. ஆகவே எல்லாம் சேர்ந்து ஒரே ஆர்கியுமென்ட், அதாவது கட்டளைக்குக் கொடுக்கும் ஒரே உள்ளீடு: ரேடியோ மாமா பேச்சு 1.வேவ். மாமாவின் பட்டப்பெயரைச் சுற்றிச் சித்தப்பா போட்ட குறிகள் மட்டும் காணாமல் போய்விட்டன. அந்தப் பெயரில் கோப்பு இல்லை. இந்த முறை -எஃப் போடாததால் பிழைச் செய்தி வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து வருடமாக நிரல் எழுதுகிறேன், கோட் என்பது யாரோடு பேசும் குறி என்று ஒருநாளும் உட்கார்ந்து யோசித்ததில்லை. அது ஷெல்லுக்கு மட்டும் சொல்லும் சேதி. 'இதை வெட்டாதே' என்று சொல்லிவிட்டு அது அங்கேயே உதிர்ந்துவிடும். ஆர்எம்முக்குப் போகாது, எஃப்எஃப்எம்பெக்குக்குப் போகாது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கும் போகாது. கெர்னலில் ஒரு நிரலைத் தொடங்கும் அழைப்பின் பெயர் எக்ஸெக்விஇ. அது கேட்பது மூன்று: எந்த நிரல், ஆர்கியுமென்டுகளின் பட்டியல், சூழல் மாறிகளின் பட்டியல். பட்டியலில் ஒவ்வொன்றும் பூஜ்ஜிய பைட்டில் முடிகிற தனிச் சரம். இடைவெளி அதற்கு இன்னொரு எழுத்து, அவ்வளவுதான். மேற்கோள்குறியும் டாலர் குறியும் அப்படியே. ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிரலுக்கும் ப்ராக் கோப்புறையில் அதன் எண்ணுக்குக் கீழே சிஎம்டிலைன் என்ற கோப்பைத் திறந்து பார்த்தால் தெரியும்: ஆர்கியுமென்டுகள் இடைவெளியால் அல்ல, பூஜ்ஜிய பைட்டால் பிரிந்து நிற்கும். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. அடித்தளத்தில் குழப்பமே இல்லை. குழப்பம் எல்லாம் மேலே, நாம் கையிலிருக்கும் பட்டியலைச் சரமாக ஒட்டி, இன்னொருவர் அதை மறுபடி பட்டியலாக வெட்டும் அந்த வழியில்.

ஆகவே ஒட்டாமல் இருப்பதே வழி. பைத்தானில் சப்ப்ராசஸ் என்ற தொகுதி 2004இல், 2.4 பதிப்போடு வந்துவிட்டது. அதற்குப் பட்டியலாகவே கொடுக்கலாம்:

["ஆர்எம்", "--", கோப்பு]

கோப்பு என்ற மாறிக்குள் என்ன இருந்தாலும் அது ஒரே ஆர்கியுமென்ட். ஷெல் நடுவில் வருவதே இல்லை. கோ மொழியில் வெளி நிரல்களைக் கூப்பிடுவதற்கும், நோட் ஜேஎஸ்ஸில் ஸ்பான், எக்ஸெக்ஃபைல் இரண்டுக்கும் இதே ஏற்பாடுதான். ஜாவாவில் பழைய ரன்டைம் எக்ஸெக்குக்கு ஒரே சரமாகக் கொடுத்தால் அது இன்னும் மோசம்: ஷெல்லும் கிடையாது, கோட்டும் புரியாது, வெறும் இடைவெளியில் வெட்டும். ஜாவா 18இல் அந்த வடிவத்தைக் கைவிடும்படி அறிவித்துவிட்டார்கள், அதற்குப் பதிலாக ப்ராசஸ்பில்டர் இருக்கிறது.

பட்டியலுக்கு மாறியவர்கள் அடுத்து செய்யும் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றவர்கள் நிரலைப் பார்க்கும்போது நான் அதிகம் திருத்துவது இதைத்தான். பழக்கதோஷத்தில் பட்டியலுக்குள்ளேயும் கோட் போட்டுவிடுவார்கள். "அப்பத்தா தாலாட்டு 1.வேவ்" என்பதை, அந்தக் குறிகளோடு சேர்த்தே ஓர் உறுப்பாகக் கொடுப்பார்கள். அதை உதிர்க்க அங்கே ஷெல் இல்லையே. குறிகள் பெயரின் முதல் எழுத்தாகவும் கடைசி எழுத்தாகவும் போய் நிற்கும். 'கோப்பு இல்லை' என்று செய்தி வரும், திரையில் அந்தப் பெயர் கோட்டோடு தெரியும், கோட் சரியாகத்தானே இருக்கிறது என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று, பட்டியலும் கொடுத்து, ஷெல் வழியாகவே ஓட்டு என்னும் 'ஷெல்=ட்ரூ'வும் போடுவது. யூனிக்ஸில் அப்போது பட்டியலின் முதல் உறுப்பு மட்டும்தான் கட்டளை. மற்றவை ஷெல்லின் சொந்த ஆர்கியுமென்டுகளாகப் போய், யாரும் கேட்காமல் கிடக்கும்.

மேலே பட்டியலில் இரண்டு சிறுகோடுகள் (--) தனியாக நிற்கிறதே, 'இதற்குப் பின் வருவது ஆப்ஷன் இல்லை' என்று ஆர்எம்முக்குச் சொல்ல, அதற்கும் காரணம் இருக்கிறது. பட்டியல், வெட்டும் பிரச்சினையைத் தீர்க்கும். பெயர் ஒன்று சிறுகோட்டில் தொடங்கினால் அதை ஆப்ஷன் என்று நிரல் எடுத்துக்கொள்வதைத் தடுக்காது. 2017 ஆகஸ்டில், நிரல்களின் பதிப்புகளைச் சேமித்துவைக்கும் கிட் மென்பொருளில் கண்டுபிடித்த ஓட்டை இந்த வகைதான். தொலைவிலுள்ள சர்வரோடு இணைக்கும் எஸ்எஸ்எச் நிரலுக்கான முகவரியில் சர்வர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறுகோட்டில் தொடங்கும் ஆப்ஷனை எழுதிவிட்டால், எஸ்எஸ்எச் அதைத் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொண்டு எதிராளி சொன்னதை ஓட்டும். சிறுகோட்டில் தொடங்கும் சர்வர் பெயரையே மறுப்பதுதான் 2.14.1இல் வந்த தீர்வு. என் அளவில், கோப்புகளுக்கு முழுப் பாதையைக் கொடுக்கிறேன். சாய்கோட்டில் தொடங்குவது ஆப்ஷனாக முடியாது.

இதெல்லாம் ஆனபிறகு இந்த வேலையில் ஒரு பங்கு என் தங்கச்சிக்குப் போனது. சித்தப்பா மகள், கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவளிடம் நல்ல கேசட் டெக் இருக்கிறது, விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது. பாதி கேசட்டுகளைக் கொடுத்தேன், நிரலையும் அனுப்பினேன். இரண்டாம் நாளே போன் வந்தது.

"அண்ணே, ரேடியோ மாமா பேருல அந்தக் குறியைப் போடவே விடமாட்டேங்குது."

விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் டபுள் கோட் வரக் கூடாது. அவளே யோசித்து, வளைந்த மேற்கோள்குறிகளை இரண்டு பக்கமும் போட்டாள். அவை வேறு எழுத்துகள் என்பதால் விண்டோஸ் ஏற்றுக்கொண்டது. சித்தப்பா கையெழுத்திலும் குறிகள் வளைந்துதான் இருக்கின்றன. உண்மையில் அவள் வைத்த பெயர்தான் மூலத்துக்கு இன்னும் நெருக்கம்.

விண்டோஸில் நான் சொன்ன நிம்மதி கிடையாது. அங்கே நிரலைத் தொடங்கும் கிரியேட்ப்ராசஸ் என்ற அழைப்பு பட்டியலைக் கேட்பதில்லை. முழுக் கட்டளையையும் ஒரே சரமாகக் கேட்கிறது, அதிகபட்சம் 32,767 எழுத்து. இது பழைய வழக்கம். விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஒவ்வொரு நிரலுக்கும் முன்னால் ஒரு 128 பைட் இடத்தில் கட்டளையின் வால் பகுதியை அப்படியே வைப்பார்கள், முதல் பைட்டில் நீளம். அதற்கும் முன்னால் இருந்த சிபிஎம் இயங்குதளத்திலும் அதே ஏற்பாடு. சரத்தைப் பிரித்துக்கொள்வது ஓடும் நிரலின் பொறுப்பு. ஆகவே விண்டோஸில் 'கோட்டின் விதி என்ன' என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. எந்த நிரல் படிக்கிறது என்று திருப்பிக் கேட்க வேண்டும். பெரும்பாலான நிரல்கள் மைக்ரோசாஃப்டின் சி நூலகத்து விதியைப் பின்பற்றுகின்றன. அதில்தான் தங்கச்சி மாட்டினாள். நிரலைக் கூப்பிட ஒரு பேட்ச் கோப்பு, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் கோப்பு, எழுதியிருந்தாள். அதில் நிரலுக்குக் கொடுத்தது:

"டி:\கேசட்\" "1.வேவ்"

இரண்டு ஆர்கியுமென்ட், இரண்டுக்கும் கோட். பார்க்க ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த விதிப்படி, பேக்ஸ்லாஷை ஒட்டி டபுள் கோட் வந்தால் அந்தக் கோட் மூடும் குறி இல்லை, வெறும் எழுத்து. ஆக முதல் கோட் மூடவே இல்லை. இடைவெளி உள்ளே போகிறது, இரண்டாவதைத் திறக்க வந்த கோட் முதலாவதை மூடுகிறது. நிரலுக்குக் கிடைத்தது ஒரே ஆர்கியுமென்ட்:

டி:\கேசட்" 1.வேவ்

கடைசி பேக்ஸ்லாஷை எடுத்துவிடு என்றேன், அல்லது இரண்டாகப் போடு. கோட்டுக்கு முன்னால் இரண்டு பேக்ஸ்லாஷ் வந்தால் ஒன்றாகச் சுருங்கும், கோட் கோட்டாகவே வேலை செய்யும். கோட் பக்கத்தில் இல்லாத பேக்ஸ்லாஷ் எதையும் இந்த விதி தொடாது. பாதையின் நடுவில் இருப்பவை பத்திரம். பைத்தானுக்குப் பட்டியலாகக் கொடுத்தால் இந்த எண்ணிக்கை எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொண்டு சரமாக ஒட்டும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் நெடுங்காலம் ஒரே சரம்தான் இருந்தது. 2018இல் டாட்நெட் கோர் 2.1இல்தான் ஆர்கியுமென்ட்லிஸ்ட் வந்தது.

ஆனால் பேட்ச் கோப்பைக் கூப்பிடுகிறோம் என்றால் இந்தக் காப்பும் போதாது. டாட் பேட் என்று முடியும் கோப்பைக் கிரியேட்ப்ராசஸிடம் கொடுத்தால் அது சத்தமில்லாமல் விண்டோஸின் ஷெல்லான சிஎம்டியைக் கூப்பிடும், சிஎம்டிக்கு விதிகள் வேறு. அதற்கு பேக்ஸ்லாஷ் தப்பிக்கும் குறியே இல்லை, அதாவது அடுத்து வரும் குறியை வெறும் எழுத்தாக மாற்றாது. ரஸ்ட் மொழியின் நூலகம், ஆர்கியுமென்டுக்குள் வரும் கோட்டுக்கு முன்னால் ஒழுங்காக ஒரு பேக்ஸ்லாஷ் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. சிஎம்டி அந்த பேக்ஸ்லாஷைப் பொருட்படுத்தாமல், கோட் மூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். அதன் பின்னால் ஓர் & வந்தால் அங்கிருந்து புதிய கட்டளை தொடங்கிவிடும். 2024 ஏப்ரல் 9 அன்று ரஸ்ட் 1.77.2 இதற்காகவே வந்தது. பாதிப்பின் அளவுகோலில் அந்த ஓட்டைக்கு 10க்கு 10 போட்டிருந்தார்கள். பாதுகாப்பாகத் தப்பிக்க வைக்க முடியாத ஆர்கியுமென்ட் வந்தால் இப்போது அது பிழை என்று சொல்லி நின்றுவிடுகிறது. அந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. தப்பான கோப்பை அழிப்பதைவிட நின்றுவிடுவது எவ்வளவோ மேல். அதே வாரத்தில் நோடும் தன் பங்குக்குத் திருத்தம் வெளியிட்டது.

சித்தியின் கும்மி கேசட்டில் ஓர் & இருக்கிறது. தங்கச்சியிடம் பேட்ச் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு பைத்தானையே நேராக ஓட்டச் சொன்னேன்.

ஒட்டாமல் தப்பிக்கவே முடியாத இடம் என்று எனக்கு வந்தது ஒன்றுதான்: எஸ்எஸ்எச். முடிந்த கோப்புகளை ஒரு சர்வரில் வைக்கிறேன், கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் செக்சம்மை அங்கே சரிபார்க்கக் கட்டளை அனுப்புகிறேன். நான் பட்டியலாகத்தான் கொடுக்கிறேன். எஸ்எஸ்எச் நிரல் அதை வாங்கி, இடைவெளி போட்டு ஒரே சரமாக ஒட்டி, அந்தப் பக்கத்து ஷெல்லிடம் கொடுக்கிறது. என் பக்கம் ஷெல் இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் இருக்கிறது. இங்கேதான் கோட் போட வேண்டும், அதுவும் கையால் அல்ல. பைத்தானில் எஸ்எச்லெக்ஸ் என்ற தொகுதியில் கோட் என்றே ஒரு செயல்பாடு இருக்கிறது. அது பெயரை சிங்கிள் கோட்டுக்குள் வைக்கும். யூனிக்ஸ் ஷெல்லில் சிங்கிள் கோட்டுக்குள் டாலரும் இல்லை, பேக்ஸ்லாஷும் இல்லை, எல்லாம் வெறும் எழுத்து. உள்ளேயே ஒரு சிங்கிள் கோட் வந்தால் மூடி, அதை மட்டும் டபுள் கோட்டுக்குள் வைத்து, மறுபடி திறக்கும். பொங்கல் '91 அப்படி எழுதப்படும்போது பார்க்க முள்வேலி மாதிரி இருக்கும்:

'பொங்கல் '"'"'91'

அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது பொங்கல் '91 மட்டும் இருக்கும்.

கோப்புப் பெயரில் இடைவெளி வைக்காதீர்கள், குறிகள் போடாதீர்கள், ஆங்கிலத்தில் மட்டும் எழுதுங்கள் என்று கம்ப்யூட்டர் வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. யூனிக்ஸ் கோப்புப் பெயரில் வரக் கூடாதவை இரண்டே பைட்டுகள்தான், சாய்கோடும் பூஜ்ஜியமும். மற்றதெல்லாம் எழுதுகிறவரின் உரிமை. ஒருவர் முப்பது வருடத்துக்கு முன்னால் பேனா எடுத்து, யோசித்து, ஒரு பட்டப்பெயரைச் சுற்றிக் குறி போட்டு எழுதியதை என் நிரல் தாங்கவில்லை என்றால் சரிசெய்ய வேண்டியது என் நிரலை.

அப்பத்தா கேசட்டை இரண்டாம் முறை ஓட்டுவதற்கு முன்னால் சித்தப்பாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, பஞ்சை மாத்திட்டு ஓட்டு" என்றார். நாடாவை ஹெட்டில் அழுத்திப் பிடிக்கும் அந்தச் சின்னப் பஞ்சைச் சொன்னார். இன்னொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டினேன். அரை மணி நேரம் ஒரு பக்கம், அரை மணி நேரம் மறுபக்கம், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பக்கத்தின் நடுவில் ஓரிடத்தில் ஒலி ஒரு நொடி மங்கி மீண்டது. முதல் முறை அங்கே அந்த மங்கல் இருந்ததா என்று சரிபார்க்க மூலம் இல்லை. இந்த முறை இரைச்சலை நீக்கவே இல்லை.

கடைசியாக ஓடியது சித்தியின் கேசட். "பேரை வேணா சுருக்கிக்கடா" என்று சித்தப்பா போனில் சொல்லியிருந்தார். வேண்டாம், நீங்க எழுதினதே இருக்கட்டும் என்றேன். நிரல் இப்போது எதையும் ஓட்டுவதற்கு முன்னால் ஆர்கியுமென்டுகளை வரிக்கு ஒன்றாகப் பதிவேட்டில் எழுதுகிறது. அன்றைய பதிவேட்டின் கடைசி வரி:

சித்தி கும்மி & குலவை, பொங்கல் '91 2.வேவ்